பார்த்தெழுதியதைக் கணக்குப் போட்டுப் பிடிக்கப் போன கதை

இரண்டாம் தவணைப் பரீட்சையின் பதினோராம் தர விஞ்ஞானத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதலாம் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சாதாரண தரப் பரீட்சையின் அமைப்புத்தான். துளையிட்ட மட்டையை விடைத்தாளின் மேல் வைத்து, துளைக்குள் தெரிகிற புள்ளடிகளை எண்ணிப் புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பது. கை தன்பாட்டில் வேலை செய்யும், மூளை வேறெங்காவது நிற்கும்.

ஒரு தாளில் மட்டையைத் தூக்கியபோது கை நின்றுவிட்டது. 22 முதல் 29 வரை புள்ளடிகள் படிக்கட்டு மாதிரி இறங்கி, கடைசியில் சட்டென்று இடப்பக்கம் திரும்பியிருந்தன. அந்த எட்டில் ஆறு பிழை. இதே படிக்கட்டைக் கொஞ்சம் முன்னர்தான் பார்த்திருந்தேன். திருத்தி முடித்த கட்டைக் கிளறி அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 22 முதல் 29 வரை ஒன்று போல. இரண்டு சுட்டெண்களும் அடுத்தடுத்தவை; ஒருவன் முன் மேசை, மற்றவன் அதற்குப் பின் மேசை.

அன்றிரவே இருவரையும் மறுநாள் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு ஒரு யோசனை வந்தது. எட்டு வினாக்களை நான்தான் தேடித் தெரிந்தெடுத்தேன். 108 தாள்களைக் கிளறினால் இப்படி எத்தனை படிக்கட்டுகள் அகப்படும்? அது தெரியாமல் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வது சரியில்லை. சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று இறங்கினேன். அடுத்த மூன்று வார இறுதிகள் அதிலேயே போயின.

முதலில் தரவு. மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 36 பேர், ஆளுக்கு 40 விடைகள்: 4320 கட்டங்கள். கோண்டாவில் வீட்டு விறாந்தையில் மருமகன் வாசிக்க நான் விரிதாளில் தட்டினேன். விடை எழுதாததற்கு 0, இரண்டு புள்ளடி போட்டிருந்தால் 9. அடுத்த நாள் நான் வாசிக்க அவன் இன்னொரு தாளில் தட்டினான். இரண்டையும் கழித்துப் பார்த்தால் 31 கட்டங்களில் எண்கள் பொருந்தவில்லை. அந்த 31ஐயும் மூலத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். இந்த இரண்டாம் தரம் தட்டுகிற வேலையைத் தவிர்க்க ஆசை வரும். தவிர்த்திருந்தால் பின்னால் வருகிற எண்கள் ஒன்றையும் நம்பியிருக்க முடியாது.

மருமகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவன். விரிதாளில் சோடி சோடியாக ஒப்பிடுவது தலையிடி என்று பைதன் என்ற கணினி மொழியில் முப்பது வரி நிரல் எழுதித் தந்தான். 108 பேரில் சோடிகள் 108 × 107 ÷ 2 = 5778. ஒவ்வொரு சோடிக்கும் எத்தனை விடைகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணி, கூடியது மேலே வருமாறு அடுக்கினோம்.

மேலே வந்தது வகுப்பின் முதலாம் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும். இருவரும் ஆளுக்கு 38 சரி. 38 சரியென்றால் குறைந்தது 36 வினாக்களிலாவது ஒத்துத்தானே ஆகவேண்டும்! சரியான விடை எல்லோருக்கும் ஒன்று. அது ஒத்துப்போவது படித்ததற்கு அத்தாட்சியே தவிர பார்த்ததற்கு அல்ல. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை. 1927இலேயே சார்ள்ஸ் பேர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பிழையான விடைகள் ஒத்துப்போவதை வைத்துத்தான் கொப்பியடிப்பைத் தேடினார். எனக்கு அது ஒரு பின்னேரம் வீணான பிறகுதான் உறைத்தது.

ஆகவே பிழைகளை மட்டும் எடுத்தோம். என் சந்தேகச் சோடியில் இருவரும் பிழைவிட்ட வினாக்கள் 17. அவற்றில் 15இல் ஒரே பிழை.

பிழை விடைகள் மூன்று இருக்கின்றன, தற்செயலாக இருவரும் ஒன்றையே தெரிவதற்கு நிகழ்தகவு மூன்றில் ஒன்று. அப்படியென்றால் 17இல் 15 அல்லது அதற்கு மேல் ஒத்துவர என்ன வாய்ப்பு? ஈருறுப்புப் பரம்பலில் (ஒரே வாய்ப்புள்ள பல தரங்களில் எத்தனை தரம் பலிக்கும் என்று சொல்கிற கணக்கு) போட்டேன். 2,23,000இல் ஒன்று. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதிபரிடம் எந்த நேரம் போவது என்பதுதான் மிச்சம்.

மருமகன் தேநீர்க் கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தான்.

“மாமா, அந்த மூண்டு பிழை விடையையும் பெடியள் ஒரே அளவிலயோ போடுறவை?”

போடுவதில்லை. பல்தேர்வு வினா எழுதத் தெரிந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிழை விடையை ஆசைகாட்டுவதுபோல் எழுதுவதே எங்கள் வேலை. உதாரணமாகப் பதினான்காம் வினா: தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன? பகலில் மட்டும், இரவில் மட்டும், பகலிலும் இரவிலும், ஒளித்தொகுப்பு நடைபெறாதபோது மட்டும். மூன்றாவதுதான் சரி. பிழைவிட்டவர்கள் 50 பேர். (இந்தக் கணக்குகளில் சந்தேகச் சோடி இருவரையும் நீக்கிவிட்டுத்தான் எண்ணினேன். இல்லாவிட்டால் அவர்களின் விடையே அவர்களுக்குச் சாட்சி சொல்லும்.) அந்த 50 பேரில் 30 பேர் “இரவில் மட்டும்”, 15 பேர் கடைசி விடை, 5 பேர்தான் “பகலில் மட்டும்”. அதாவது 0.6, 0.3, 0.1. பிழைவிட்ட இருவர் ஒன்றையே தெரிய நிகழ்தகவு இம்மூன்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை: 0.36 + 0.09 + 0.01 = 0.46. மூன்றில் ஒன்று எங்கே, 0.46 எங்கே!

17 வினாக்களுக்கும் இப்படிப் போட்டுச் சராசரி எடுத்தால் 0.45. அதைக் கொண்டு மறுபடி கணக்கிட்டால் 17இல் 15க்கான வாய்ப்பு 3500இல் ஒன்று. இரண்டு இலட்சத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஒரே கேள்வியில் இறக்கிவிட்டான்.

அதோடு நிற்கவில்லை. வாய்ப்பு 3500இல் ஒன்று, ஆனால் பார்த்த சோடிகள் 5778. எல்லாச் சோடிக்கும் 17 பொதுப் பிழைகள் இருக்காது, எனவே இது பருமட்டான கணக்குத்தான். என்றாலும், ஒருவரும் யாரையும் பார்க்காத ஒரு பரீட்சையிலேயே இந்த அளவு ஒற்றுமை ஓரிரு சோடிகளுக்கு வந்துவிடலாம். லொத்தர் சீட்டில் ஒரு குறித்த ஆளுக்கு விழுவது அரிது, யாரோ ஒருவருக்கு விழுவது வழக்கம். நானோ விழுந்தவனைப் பிடித்துவைத்து, உனக்கு எப்படி விழுந்தது என்று கேட்கப் போயிருந்தேன்.

அடுத்த அடி என் கையாலேயே விழுந்தது. ஒவ்வொரு வினாவுக்கும், கூடப் புள்ளி எடுத்த பத்துப் பேர் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிரல் சேர்த்திருந்தோம். 31ஆம் வினாவில் அந்தப் பத்தில் ஒன்பது பேர் பிழை. ஒன்பது பேரும் (2) போட்டிருந்தார்கள். மட்டையை எடுத்துப் பார்த்தேன். 31ஆம் வரியில் துளை (3)இல். வினாத்தாளை எடுத்து வாசித்தேன். சரியான விடை (2). துளையிட்ட அன்று ஒரு கட்டம் தள்ளிக் குத்தியிருக்கிறேன்.

108 தாள்களையும் மீண்டும் எடுத்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். 61 பேருக்கு ஒரு புள்ளி கூடியது, 14 பேருக்குக் குறைந்தது. கொப்பியடித்தவனைப் பிடிக்கப் போய் 75 பேருக்குப் பிழையாகப் புள்ளி போட்ட ஆளைப் பிடித்தேன். வேறெந்தத் தேவைக்காகவும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு நிரலுக்காகவாவது விடைகளை விரிதாளில் ஏற்றலாம். நல்ல பிள்ளைகள் கூட்டமாகப் பிழைவிடுகிற வினா என்றால் முதலில் மட்டையைத்தான் பார்க்கவேண்டும்.

சந்தேகச் சோடியும் 31இல் (2) போட்டிருந்தது. ஆகவே 17 பொதுப் பிழை 16 ஆனது, 15 ஒற்றுமை 14 ஆனது. வாய்ப்பு இப்போது 1770இல் ஒன்று.

இந்த இடத்தில் வேறு ஆட்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வாசிக்கத் தொடங்கினேன். கனடாவின் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஹார்ப், ஹோகன் இருவரும் 1993இல் சொன்ன வழி எங்களுக்குக் கைக்கடக்கமானது. ஒரே பிழைகளின் எண்ணிக்கையை, விடை வேறுபட்ட வினாக்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். 1ஐத் தாண்டினால் உற்றுப்பார்க்க வேண்டிய சோடி. என் சோடிக்கு ஒரே பிழைகள் 14, வேறுபட்டவை 9. விகிதம் 1.56.

சிக்காகோவில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே தேடியது பிள்ளைகளை அல்ல, ஆசிரியர்களை. பொதுப் பரீட்சை முடிந்தபின் பிள்ளைகளின் தாளில் விடையை மாற்றுகிற ஆசிரியர்கள். ஒரே வகுப்பில் பலரின் தாளில் ஒரே விடைத்தொடர் வருகிறதா, அந்த வருடம் ஏறிய புள்ளி அடுத்த வருடம் விழுந்துவிடுகிறதா என்று பார்த்து, வருடத்துக்கு 4 முதல் 5 வீதமான ஆரம்ப வகுப்புகளிலாவது இது நடக்கிறது என்று பிரையன் ஜேக்கப்பும் ஸ்டீவன் லெவிட்டும் 2003இல் எழுதினார்கள். அற்லாண்டாவில் பிழையை அழித்துச் சரியாக்கிய அடையாளங்களை எண்ணியே தொடங்கினார்கள். 2011 அறிக்கையில் மாட்டியது 44 பாடசாலைகள், 178 ஆசிரியர்களும் அதிபர்களும். எங்கள் பிள்ளைகள் பேனையால் புள்ளடி போடுகிறவர்கள், அந்த வழி எனக்கு உதவாது.

சிக்காகோக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 2002இல் சந்தேக வகுப்புகளுக்கு மீண்டும் பரீட்சை வைத்தபோது, சந்தேகமில்லாத சில வகுப்புகளுக்கும் சேர்த்தே வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே. அதை வாசித்தபோதுதான், எனக்கு அந்த அளவுகோல் வீட்டிலேயே கிடக்கிறது என்று பிடிபட்டது.

மூன்று பிரிவுகளும் மூன்று அறைகளில் எழுதின. ஏ பிரிவுப் பிள்ளை சி பிரிவுப் பிள்ளையைப் பார்த்தெழுத முடியாது, சுவரைத் துளைத்தால் ஒழிய. அப்படிப்பட்ட அறை மாறிய சோடிகள் 3 × 36 × 36 = 3888. இந்த 3888இலும் வருகிற ஒற்றுமை எல்லாம், காரணம் எதுவாக இருந்தாலும், பார்த்தெழுதியதாக இருக்க முடியாது. அதுதான் அளவுகோல். பரம்பலையும் சூத்திரத்தையும் விட இது நம்பிக்கையானது.

ஒவ்வொரு சோடிக்கும் எதிர்பார்த்த ஒற்றுமையைக் கழித்து நியம விலகலால் (தற்செயலாக வழக்கமாய் எவ்வளவு கூடிக் குறையும் என்ற அளவு) வகுத்தோம். என் சோடிக்கு எதிர்பார்த்தது 7.2, வந்தது 14, நியம விலகல் ஏறத்தாழ 2. ஆகவே 3.4. எல்லைக் கோட்டை 3இல் போட்டோம். செவ்வன் பரம்பல் (மணி வடிவ வளைகோடு) சொல்வதுபடி 3888இல் ஐந்து சோடிகள் அளவில் 3ஐத் தாண்டலாம். தாண்டியவை 11.

சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் ஏன் இப்படி ஒத்துப்போகிறார்கள்? விடையை விரிதாளில் தேடாமல் வகுப்பில் கேட்டேன். எந்த ரியூட்டரிக்கு யார் யார் போகிறீர்கள் என்று, பின்னேர விசேட வகுப்புக்கு நேரம் பார்க்கிற சாட்டில். 11 சோடிகளில் 9 சோடிகள் ஒரே ரியூட்டரியில் ஒரே வகுப்பு. அதற்குப் பிறகு 19ஆம் வினாவைப் பார்த்தேன்: நன்கு கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழிகளில் இருப்பது எது? நீராவி என்பது விடை. ஐதரசனும் ஒட்சிசனும் என்று போட்டவர்கள் 14 பேர், அதில் 12 பேர் அந்த ரியூட்டரிப் பிள்ளைகள். அந்த ரியூட்டரிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வடிவான கையெழுத்தில், சிவப்புப் பேனையால் கீறிட்டு, அப்படியே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பாடசாலை விட்ட பிறகுதான் பாதிப் படிப்பு. ஒரே வாயால் பிழையைக் கேட்ட பிள்ளைகள் ஒரே பிழையை எழுதுவார்கள், அது பார்த்தெழுதியது ஆகாது. கனடாக்காரரின் சூத்திரத்துக்கு இது தெரியாது. அறை மாறிய 3888இலேயே நான்கு சோடிகளுக்கு விகிதம் 1ஐத் தாண்டியிருந்தது.

இனி அறைக்குள்ளே. மேசைகள் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. முன்பின், பக்கவாட்டு, மூலைவிட்டம் எல்லாம் சேர்த்து ஓர் அறையில் 110 அயல் சோடிகள், மூன்று அறைக்கும் 330. ஒரே அறையில் இருந்தும் அயலில் இல்லாத சோடிகள் 1560. 3ஐத் தாண்டியவற்றை இப்படிப் பிரித்தோம்:

அறை மாறியவை: 3888இல் 11.
ஒரே அறை, தூர மேசை: 1560இல் 5.
அயல் மேசை: 330இல் 5.

முதல் இரண்டும் ஆயிரத்துக்கு மூன்றை ஒட்டி நிற்கின்றன. தூர மேசைக்காரர் வேறு அறைக்காரர் போலவே நடந்துகொள்கிறார்கள், அளவுகோல் சரியென்பதற்கு அது ஒரு சாட்சி. மூன்றாவது ஆயிரத்துக்குப் பதினைந்து. அறை மாறிய வீதத்தில் பார்த்தால் 330இல் ஒரு சோடிதான் வந்திருக்கவேண்டும்.

மருமகன் இதைப் பார்த்துவிட்டு, “அப்ப கொப்பியடிச்சது உண்மைதான் மாமா” என்றான். உண்மைதான். ஒன்று வரவேண்டிய இடத்தில் ஐந்து. ஏறத்தாழ நான்கு சோடிகள் பார்த்தெழுதியிருக்கின்றன, ஒன்று அப்பாவியாக இருக்கலாம். அந்த ஒன்று எது என்றுதான் எண்கள் சொல்லவில்லை. படிக்கட்டைக் கண்ட அன்று எனக்கு இருவரின் பெயர் நிச்சயமாகத் தெரிந்தது, மண்டபத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்று வார இறுதிகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழ்.

இன்னொன்றும் இருந்தது. ஐந்தில் நான்கு சோடிகள் ஒரே அறையில், யன்னலோரக் கடைசி இரண்டு நிரைகளில். அந்த அறைக்கு மேற்பார்வை யார் என்று அட்டவணையைப் பார்த்தேன். நான்தான். அந்த ஒரு மணித்தியாலமும் முன் மேசையில் குந்தியிருந்து ஒன்பதாம் தரக் கொப்பிகள் திருத்தியது நினைவுக்கு வந்தது.

அதிபரிடம் போனேன், பெயர்கள் இல்லாமல். விடைத் துளையில் நான் விட்ட பிழையைச் சொன்னேன், 19ஆம் வினாவைச் சொன்னேன், கடைசி நிரைகளைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “பெடியளிட்டக் கேட்டனீங்களோ?”

சந்தேகச் சோடியைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் ஒன்றுபோல் பிழைவிட்ட ஐந்து வினாக்களை வாயால் கேட்டேன். முன் மேசைக்காரன் ஐந்துக்கும் அதே பிழையைச் சொல்லி, ஏன் என்று காரணமும் சொன்னான். காரணங்கள் எல்லாம் பிழை, ஆனால் அவனுடைய சொந்தப் பிழைகள். பின் மேசைக்காரன் மூன்றுக்கு வேறு விடை சொன்னான், அதில் ஒன்று சரி. எனக்குள் ஒரு முடிவு வந்தது உண்மை. ஆனால் பரீட்சை நடந்து ஒரு மாதமாகிவிட்டது, இடையில் படித்திருக்கலாம், பயத்தில் மாறியிருக்கலாம். ஒற்றுமைக் கணக்குக்குத் திசையும் கிடையாது, ஒருவன் மற்றவனைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே எண்தான் வரும். முன்னால் இருந்தவனுக்குத் தன் தாள் பார்க்கப்பட்டதே தெரியாமல் இருந்திருக்கலாம். புள்ளியில் கை வைக்கவில்லை.

கை வைத்தது வினாத்தாளில். மூன்றாம் தவணைக்கு அதே 40 வினாக்கள், இரண்டு மாதிரி. வினா வரிசையை மாற்றவில்லை. விடைகளின் ஒழுங்கை மட்டும் மாற்றினேன், அப்போதுதான் பார்த்தெழுதுகிறவனுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. சதுரங்கப் பலகைபோல் முன்பின்னும் பக்கத்திலும் மாதிரி மாறி வருமாறு கொடுக்கவேண்டும், மூலைவிட்டத்தில் மட்டும் ஒரே மாதிரி அமையும். போட்டோ கொப்பிச் செலவு அதிகரிக்காது, கட்டுகளைக் கலக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. வினாத்தாளின் மூலையில் ஒரு சிறிய புள்ளி இருந்தால் இரண்டாவது மாதிரி. விடைத்தாளில் எந்த அடையாளமும் இல்லை, மேசைத் திட்டத்தைப் பார்த்துத்தான் பிரித்தேன். மட்டைகள் இரண்டையும் இம்முறை மருமகன் சரிபார்த்தான். பரீட்சையன்று கொப்பிக் கட்டு எதையும் கொண்டு போகாமல் அறைக்குப் பின்னால் நின்றேன்.

விடைகளை ஒரே ஒழுங்குக்கு மாற்றிப்போட்டு அதே பைதன் நிரலை ஓடவிட்டோம். அயல் சோடிகளில் 3ஐத் தாண்டியது ஒன்று. அதுவும் மூலைவிட்டச் சோடி, இருவரும் அந்தச் சிவப்புப் பேனை ரியூட்டரி.

ஒரு தாள் மட்டும் புள்ளி போடும்போதே மாட்டியது. இரண்டாவது மாதிரிக்குரிய மட்டையை வைத்தால் 40க்கு 9. கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலே பத்து வரும். மற்ற மட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். 27. அதற்கு விரிதாளே தேவைப்படவில்லை.

அவன் அந்தப் படிக்கட்டுச் சோடியில் ஒருவன் அல்ல, ஐந்து சோடிகளில் எதிலுமே இல்லாதவன். கூப்பிட்டு இரண்டு மட்டைகளையும் தாளின் மேல் மாறி மாறி வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேர், ரெண்டு மாதிரி எண்டு நீங்கள் முதலே சொல்லேல்லையே.”

9ஐப் பதிந்தேன். அடுத்த கிழமை சரியாக வந்த அந்த ஒன்பது வினாக்களையும் என்னோடு இருந்து ஒருதரம் செய்து காட்டச் சொன்னேன், ஆறு சரி.